துபாய்ப் பள்ளி வேலை: அந்த 6,000 திர்ஹத்தைப் பிரித்துப் படியுங்கள்

தஞ்சாவூர் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் எட்டு வருடமாகக் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "துபாயில் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் வேலை இருக்கிறது, மாதம் 6,000 திர்ஹம் என்கிறார் ஏஜென்ட். விசா செலவுக்கு ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார். இங்கே 28,000 ரூபாய் வாங்குகிறேன். போகலாமா? வேலை எப்படி இருக்கும்? கணவரையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா?"

நான் 2012-இல் துபாய்க்கு வந்தேன். இரண்டு இந்தியப் பள்ளிகளில் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு, இப்போது ஒரு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் அதே கணக்குதான் எடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள். ஆள் எடுக்கும் செலவையும் விசாச் செலவையும் வேலை கொடுப்பவர்தான் ஏற்கவேண்டும், ஊழியரிடம் வாங்கக்கூடாது என்று அமீரகத் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்தியப் பக்கத்திலும் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், "முதலில் விசிட் விசாவில் வந்து சேருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே போனை வைத்துவிடலாம். விசிட் விசாவில் நேர்காணலுக்கு வருகிறவர்கள் உண்டு. வகுப்பில் நிற்பது சட்டவிரோதம். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, இப்படி ஆள் வைப்பவர்களுக்கான அபராதத்தை ஒரு லட்சம் திர்ஹத்திலிருந்து பத்து லட்சம் வரை ஏற்றியிருக்கிறார்கள். நேர்மையான பள்ளி அந்தப் பக்கமே போகாது.

உண்மையான வேலை என்றால் அமீரக மனிதவள அமைச்சகத்தின் முறையான ஆஃபர் லெட்டர் வரும். அதில் ஒரு எண் இருக்கும், அமைச்சகத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அந்தக் கடிதத்தை அரபியோடும் ஆங்கிலத்தோடும் தமிழிலும் கேட்டு வாங்க முடியும் என்பது இங்கேயே இருக்கும் பலருக்குத் தெரியாது. கேளுங்கள். பள்ளியின் லெட்டர்ஹெட்டில் வரும் அழகான பிடிஎஃப் வேறு, இது வேறு. தகராறு என்று வந்தால் செல்லுபடியாவது அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம்தான்.

சரி, "இன்டர்நேஷனல்" என்ற சொல்லுக்கு வருவோம். துபாயில் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது தனியார் பள்ளிகளில்தான். அவற்றில் பிரிட்டிஷ் பாடத்திட்டம் முதலிடம், இந்தியப் பாடத்திட்டம் இரண்டாமிடம். அமெரிக்கன், ஐபி எல்லாம் அதற்குப் பிறகு. இந்தியப் பள்ளிகள் இங்கே நேற்று முளைத்தவை அல்ல. தி இந்தியன் ஹை ஸ்கூல் தொடங்கியது 1961-இல், அமீரகம் என்ற நாடே உருவாவதற்குப் பத்து வருடம் முன்பு. ஆனால் ஒரு சிபிஎஸ்இ பள்ளியும் தன் பெயரில் இன்டர்நேஷனல் என்று போட்டுக்கொள்ளலாம், ஐஜிசிஎஸ்இ, ஏ லெவல் என்ற பிரிட்டிஷ் தேர்வுகளை நடத்தும் பள்ளியும் போட்டுக்கொள்ளலாம். பலகையில் எழுத்து ஒன்றுதான். உள்ளே நடப்பது ஏறக்குறைய இரண்டு தனித் தொழில்கள். சம்பளம் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை வித்தியாசப்படும், கல்வியாண்டே வித்தியாசப்படும்: இந்தியப் பள்ளிக்கு ஏப்ரல், பிரிட்டிஷ் பள்ளிக்கு ஆகஸ்ட் கடைசி. 6,000 திர்ஹம் என்று கேட்டவுடனே எனக்குத் தோன்றுவது, இது இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, அந்த வகையில் மோசமில்லாத சம்பளம். பிரிட்டிஷ் பள்ளி என்று ஏஜென்ட் சொன்னால் எங்கோ இடிக்கிறது. பள்ளியின் பெயரைக் கேட்டு, எந்தப் பாடத்திட்டம் என்று நீங்களே பாருங்கள்.

பார்க்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கேஎச்டிஏ என்ற ஆணையம். 2008 முதல் பள்ளி பள்ளியாகப் போய் ஆய்வு செய்து, அவுட்ஸ்டாண்டிங், வெரி குட், குட், அக்செப்டபிள், வீக் என்று தரம் போட்டு அறிக்கையைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். 2024-25இல் முழு ஆய்வுகளை நிறுத்திவைத்தார்கள். பழைய அறிக்கைகள் அப்படியே கிடைக்கின்றன. உங்கள் பள்ளியின் அறிக்கையில் கணக்குப் பாடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவதாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்து ஏஜென்ட் யாரும் இதைச் சொல்லமாட்டார்.

இப்போது அந்த 6,000. இதை ரூபாயில் பெருக்கி 1.3 லட்சத்துக்கு மேல் என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பெருக்குவதற்கு முன்னால் வகுக்கவேண்டும். ஒப்பந்தத்தில் சம்பளம் இரண்டு மூன்று வரியாகப் பிரிந்திருக்கும்: பேசிக், வீட்டுப்படி, போக்குவரத்து. எல்லாவற்றையும் தீர்மானிப்பது பேசிக் வரி. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் பேசிக். மொத்தச் சம்பளத்தில் அல்ல, பேசிக்கில். 6,000-இல் பேசிக் 2,400 என்று போட்டிருந்தால் ஒரு நாளுக்கு 80 திர்ஹம், வருடத்துக்கு 1,680, ஐந்து வருடத்தில் 8,400. அதே 6,000-இல் பேசிக் 3,600 என்றால் ஐந்து வருடத்தில் 12,600. மாதம் கையில் வருவது ஒன்றுதான், கிளம்பும் நாளில் 4,200 திர்ஹம் வித்தியாசம். ஒரு வருடம் முடிக்காமல் போனால் இரண்டுமே கிடையாது. வேலை போனால் மூன்று மாதம் வரை பேசிக்கில் 60 சதவீதம் தரும் கட்டாயக் காப்பீடு ஒன்று 2023-இல் வந்தது. மாதம் 5 திர்ஹம்தான், ஊழியர் கட்டவேண்டும். அதற்கும் அளவுகோல் பேசிக்தான். என் முதல் ஒப்பந்தத்தில் பேசிக் வரியை நான் கவனிக்கவே இல்லை. கணக்கு வாத்தியார்!

அடுத்த கேள்வி: ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் உண்டா? வெயில் கொளுத்தும் அந்த இரண்டு மாதம் பள்ளி மூடியிருக்கும். சட்டப்படி விடுப்பு வருடத்துக்கு 30 நாள்தான். மீதி நாளுக்குச் சம்பளம் என்பது பள்ளியின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெரும்பாலான நல்ல பள்ளிகள் தருகின்றன. முதல் வருடம் சேர்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. விமான டிக்கெட் வருடத்துக்கு ஒன்றா, இரண்டு வருடத்துக்கு ஒன்றா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஜூலை முதல் வாரத்தில் ஊரே கிளம்பும் என்பதால் அந்த வாரத்து டிக்கெட் விலையைப் பார்த்தால் அழுகை வரும்.

வீடு. இதுதான் சம்பளத்தைத் தின்னும் ஆள். பள்ளியே குவார்ட்டர்ஸ் கொடுத்தால் 6,000 நல்ல சம்பளம். இரண்டு மூன்று டீச்சர்கள் ஒரு ஃபிளாட்டில் இருக்கவேண்டிவரும், சமையலறையில் யார் முதலில் என்று சண்டை வரும், ஆனால் மாதம் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்பலாம். குவார்ட்டர்ஸ் இல்லாமல், அந்த 6,000-க்குள்தான் வீட்டுப்படியும் என்றால் கணக்கே மாறிவிடும். ஒரு உதாரணத்துக்கு ஆண்டு வாடகை 48,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்கு செக்காகப் பிரித்துக் கட்டவேண்டும். உள்ளே நுழையும் முன் முதல் செக் 12,000, புரோக்கர் கமிஷன் 5 சதவீதம் 2,400, டெபாசிட் இன்னொரு 2,400, மின்சாரம் தண்ணீருக்கு தேவா டெபாசிட் 2,000. மொத்தம் 18,800. மூன்று மாதச் சம்பளம் போயிற்று, இன்னும் ஒரு பாய் வாங்கவில்லை. அப்புறம் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுவரி, மாதாமாதம் தேவா பில்லோடு வந்துகொண்டே இருக்கும். துபாய்க்குள் குடும்பத்தோடு இருக்க 48,000-க்கு ஒழுங்கான வீடு இப்போது சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. அதனால்தான் பாதி டீச்சர்கள் ஷார்ஜாவில் இருந்துகொண்டு வருகிறார்கள். வாடகை குறையும், தூக்கம் குறையும். நான் ஷார்ஜாவின் அல் நஹ்தாவில் இருந்தபோது ஐந்தே காலுக்குப் பள்ளி பஸ் வீட்டு வாசலில் நிற்கும். இட்லியை டப்பாவில் போட்டுக்கொண்டு ஏறினால் அல் இத்திஹாத் சாலையில் விடியும்.

பேப்பர் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிகிரி, பி.எட். இரண்டுக்கும் அட்டஸ்டேஷன், அதாவது உண்மையானவைதான் என்ற சான்று முத்திரை வேண்டும்: மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இங்கே வந்தபின் இவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு கை மாறும். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டிய சரிபார்ப்புக் கடிதத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள். இப்போதைய பள்ளியில் அனுபவச் சான்றிதழை, எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எடுத்தீர்கள் என்ற விவரத்தோடு, சண்டை எதுவும் வருவதற்குள் வாங்கிவிடுங்கள். இங்கே வந்ததும் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எமிரேட்ஸ் ஐடி. உங்கள் நியமனத்துக்குக் கேஎச்டிஏ ஒப்புதலும் வேண்டும், பி.எட். இல்லாதவர்கள் தடுக்கி விழும் இடம் அது.

பாஸ்போர்ட் விஷயம் ஒன்று. நான் சேர்ந்த முதல் பள்ளியில் அலுவலகத்து அம்மா, "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். எல்லோரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து அப்பாவுக்கு முடியவில்லை என்று கிளம்பவேண்டி வந்தபோது, விடுப்புக் கடிதம், பிரின்சிபால் கையெழுத்து, திரும்பி வருவேன் என்று ஒரு உறுதிமொழி எல்லாம் கொடுத்து என் பாஸ்போர்ட்டை நானே பிச்சை கேட்டு வாங்கினேன். ஊழியரின் பாஸ்போர்ட்டை வேலை கொடுப்பவர் வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி தவறு. விசா வேலைக்குக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் திருப்பி வாங்குங்கள். சிரித்த முகத்தோடு கேட்டாலே போதும், கொடுத்துவிடுவார்கள். நான் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஆசிரியர்கள் பலர் சம்பளத்துக்காகத் திரும்புவதில்லை, இதற்காகத்தான் திரும்புகிறார்கள்.

2013, என் முதல் இன்ஸ்பெக்‌ஷன். ஏழாம் வகுப்பு, சதவீதம். எனக்குக் கைவந்த பாடம். கரும்பலகை போய் வெள்ளைப் பலகை வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் பிரமாதமாக எடுத்தேன். வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்திருந்தவர், நடுவில் எழுந்து ஒரு பையன் பக்கத்தில் குனிந்து கேட்டார்: "இன்று எதைக் கற்றுக்கொள்கிறாய்? இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வாய்?" பையன் சொன்னான், "பரீட்சையில் எழுதுவேன் சார்." மாலையில் எங்கள் சூப்பர்வைசர் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். நாற்பது நிமிடத்தில் 31 நிமிடம் நான் பேசியிருக்கிறேன். "நீங்கள் நன்றாக நடத்தினீர்கள் மிஸ். பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருடம் நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்தவளை இப்படிக் கேட்டுவிட்டாரே என்று.

அந்தக் கேள்வி நியாயமானது என்று புரிய ஒரு வருடம் ஆயிற்று. இங்கே எல்லாப் பள்ளிகளிலும், இந்தியப் பள்ளியிலும்கூட, ஆய்வு இதையே பிடித்துக்கொண்டு கேட்கும்: வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு என்ன கொடுத்தாய், முன்னால் ஓடும் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய், கற்றார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே. லெசன் பிளானில் மூன்று நிலைக்கும் வேலை எழுதவேண்டும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை இங்கே "மனவுறுதி கொண்டவர்கள்" என்ற பொருளில் அழைக்கிறார்கள். 2017-இல் அரசே வைத்த பெயர். அவர்களுக்குத் தனித் திட்டம், அதற்கொரு கோப்பு. ஒவ்வொரு பருவத்துக்கும் மதிப்பெண்களை எக்ஸலில் ஏற்றி, யார் எவ்வளவு முன்னேறினார் என்று கலர் கலராகக் காட்டவேண்டும். ஸ்டாஃப்ரூமில் "டேட்டா முடிச்சாச்சா?" என்பதுதான் வணக்கத்துக்குப் பதில். இதில் பாதி பயனுள்ளது, பாதி காகிதத்துக்காகக் காகிதம். எந்தப் பாதி எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆகும்.

பிரிட்டிஷ் பள்ளிக்கு மாறியபோது வேறு விதமான அடி. முதல் வாரம், இயர் 7, நம் ஆறாம் வகுப்பு. "ஃபைவ் இன்டு த்ரீ" என்றேன். நமக்கு அது பதினைந்து. பாதி வகுப்பு மூன்றை ஐந்தால் வகுத்துப் பூஜ்யம் புள்ளி ஆறு என்று எழுதியிருந்தது. பிரிட்டிஷ் பேச்சில் இன்டு என்றால் வகுத்தல்! நான் பிழை என்று சுழித்தேன், ஒரு பெண் கையைத் தூக்கி விளக்கினாள், எனக்குக் காது சூடாகிவிட்டது. பலகையில் 1,00,000 என்று காற்புள்ளி வைத்ததும் அப்படித்தான், "மிஸ், ஒரு பூஜ்யம் விட்டுவிட்டீர்களா?" என்றார்கள். 24 பிள்ளைகள், பதினான்கு நாடுகள். என் லட்சமும் கோடியும் அங்கே செல்லாத காசு. உங்கள் கணக்கு அறிவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது நம்மிடம் கூடுதலாகவே இருக்கிறது. வார்த்தைகளைத்தான் மறுபடி கற்கவேண்டும்.

கையைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் ஊரில் செல்லமாகத் தலையில் ஒரு குட்டு, காதை லேசாகத் திருகுவது எல்லாம் பாசத்தில் சேர்ந்தவை. இங்கே அது வேலையோடு போய்விடும், சில நேரம் போலீஸ் வரையும் போகும். 2016-இன் குழந்தைகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. தந்தையின் கொடுமையில் இறந்துபோன வதீமா என்ற சிறுமியின் பெயரால் வதீமா சட்டம் என்று சொல்வார்கள். பிள்ளைக்கு ஏதோ ஆபத்து என்று ஆசிரியருக்குத் தோன்றினால் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து உங்கள் ஸ்டேட்டஸில் போடுவது, வாட்ஸ்அப்பில் ஒரு பெற்றோரைப் பற்றி இன்னொருவரிடம் கோபமாக ஒரு வரி எழுதுவது இரண்டும் சைபர் சட்டத்தில் மாட்டிவிடும் விஷயங்கள். எங்கள் ஸ்டாஃப்ரூமில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் "நோட்டட்" என்பதற்கு மேல் எதுவும் எழுதுவதில்லை.

பெற்றோர்கள் கட்டணம் கட்டுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ராத்திரி பத்தரைக்கு, "என் மகனுக்கு ஏன் 17, பக்கத்தில் இருப்பவனுக்கு ஏன் 18" என்று ஈமெயில் வரும். பள்ளி ஒரு வியாபாரம் என்பதை மறைக்க இங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. கட்டண உயர்வுக்கு அரசு வருடா வருடம் ஒரு உச்சவரம்பு அறிவிக்கிறது, 2025-26க்கு அது 2.35 சதவீதம். செலவு ஏறி, கட்டணம் ஏறாத வருடத்தில் டீச்சருக்கு இன்கிரிமென்ட் என்ன ஆகும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அதனால் "வந்து சேர்ந்துவிடுங்கள், அடுத்த வருடம் சம்பளம் ஏறும்" என்ற வாய்ச்சொல்லை நம்பவேண்டாம். நுழையும்போது பேசுவதுதான் சம்பளம்.

"டியூஷன் எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்றும் சொல்வார்கள். முன்பு அது திருட்டு வேலைதான், பயந்து பயந்து எடுப்போம். 2023 டிசம்பரில் தனியார் டியூஷனுக்கென்றே ஒரு பெர்மிட் கொண்டுவந்தார்கள். கட்டணம் இல்லை, இரண்டு வருடம் செல்லும். அதை எடுத்துக்கொண்டு செய்தால் நிம்மதி. ஆனால் பள்ளி முடிந்து, பஸ்ஸில் வந்து, நாளைய பிளான் எழுதி, அப்புறம் டியூஷன் என்றால் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்னபின் நல்லதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். சனி ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரைநாள், தொழுகைக்கு முன்பே பள்ளி முடிந்துவிடும். அந்த வெள்ளி மதியத்துக்காகவே வாரத்தை ஓட்டலாம். ஒன்பது மணிக்கு மேல் தனியாக மெட்ரோவில் வந்து இறங்கி நடந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு முறைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. ரமலானில் பள்ளி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடக்காது. போன வருடம் இயர் 5-இல் ஒரு பையன், முதல் நோன்பு. காலையில் வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். பதினோரு மணிக்குத் தலை மேஜையில் சாய்ந்துவிட்டது. "தண்ணீர் வேண்டுமா?" என்றேன். தலையைத் தூக்காமலே விரலை ஆட்டி வேண்டாம் என்றான். பக்கத்தில் இருந்த மலையாளிப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் மறைத்து வைத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை.

கசப்பான ஒன்றும் இருக்கிறது. பிரிட்டிஷ் பள்ளியில் ஒரே வராந்தா, ஒரே பாடம், ஒரே எச்ஓடி. ஆனால் இங்கிலாந்திலிருந்து நியமிக்கப்பட்டவருக்கு வீடு, டிக்கெட், பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு, உள்ளூரில் எடுக்கப்பட்ட நமக்கு வெறும் சம்பளம். பாஸ்போர்ட்டுக்கு ஒரு விலை என்று யாரும் எழுதிவைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இதில் ஒரு கதவு திறந்திருக்கிறது, உங்களுக்கென்றே செய்ததுபோல. இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதியான க்யூடிஎஸ்ஸுக்கு 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் தகுதி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்: கணக்கு, அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு எடுக்கத் தகுதி உள்ளவர்கள். ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் இல்லை. கணக்கு, பி.எட்., எட்டு வருடம் என்று நீங்கள் அந்த வரிசைக்குப் பொருந்துகிறீர்கள். அது கையில் இருந்தால் பிரிட்டிஷ் பள்ளி உங்கள் சுயவிவரத்தை ஓரமாகத் தள்ளிவிட முடியாது. நான் இதைச் செய்துவிட்டுத்தான் மாறினேன் என்று சொல்ல ஆசைதான். எனக்கு அப்போது அது கிடையாது, ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போன இடத்தில் தற்காலிகமாக நுழைந்து அப்படியே தங்கிவிட்டேன்.

வரி பற்றி இரண்டு வரி. இங்கே வருமான வரி இல்லை. ஆனால் நீங்கள் கிளம்பும் தேதி இந்தியாவில் முக்கியம். ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த வருடம் நீங்கள் அங்கே குடியிருப்பவர், துபாய்ச் சம்பளத்துக்கும் அங்கே கணக்குக் காட்டவேண்டும். ஏப்ரலிலோ ஆகஸ்டிலோ கிளம்பினால் பிரச்சினை இல்லை. அக்டோபர், நவம்பரில் "நடுவில் ஒரு இடம் காலி" என்று கூப்பிட்டால் இதை நினைவில் வையுங்கள். ரூபாய் விழும்போது திர்ஹம் ஏறும், ஏனென்றால் திர்ஹத்தை டாலரோடு 3.6725 என்று 1997-லேயே கட்டிவிட்டார்கள். 2014-இல் நான் அனுப்பிய திர்ஹத்துக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். பத்து வருடம் கழித்து 22-ஐத் தாண்டிவிட்டது.

இனி குடும்பம். குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்ய வேலையின் பெயரை இப்போது பார்ப்பதில்லை, வருமானத்தைத்தான்: 4,000 திர்ஹம், அல்லது 3,000-உம் வீடும். சட்டப்படி உங்களால் முடியும். திருமணச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் டிகிரியோடு சேர்த்தே அட்டஸ்ட் செய்துவிடுங்கள், பிறகு தனியாகச் செய்தால் செலவு இரட்டிப்பு. கையில் நிற்குமா என்பது வேறு கேள்வி. பள்ளி ஊழியரின் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பாதியா, முழுவதுமா, முதல் வருடமே உண்டா, ப்ரொபேஷன் முடிந்த பிறகா. ப்ரொபேஷன் ஆறு மாதம் வரை இருக்கலாம். அந்த ஆறு மாதத்தில் பள்ளி உங்களை 14 நாள் நோட்டீஸில் அனுப்பிவிடலாம். நீங்கள் ஊருக்கே திரும்புவதானாலும் 14 நாள் போதும், ஆனால் இங்கேயே வேறு பள்ளிக்கு மாறுவதென்றால் ஒரு மாதம் கொடுக்கவேண்டும்.

அதனால் என் யோசனை: 6,000-இல் குவார்ட்டர்ஸ் உண்டு, பேசிக் பாதிக்கு மேல், கோடைச் சம்பளம் உண்டு, ஒரு பைசா வாங்கவில்லை என்றால், முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். ப்ரொபேஷன் முடியட்டும், கணவருக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும் என்று தெரியட்டும், அப்புறம் மகளை அழைத்துக்கொள்ளலாம். இந்த நான்கில் இரண்டு இல்லை என்றால் வேண்டாம், அடுத்த ஆஃபர் வரும். கணக்கு டீச்சருக்கு இங்கே எப்போதும் தேவை இருக்கிறது.

என் மகளை நான் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. ஊருக்கும் இங்கேக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். மூன்றரைக்கு நான் வந்து சேரும்போது அங்கே ஐந்து, அவள் ஹோம்வொர்க் எடுக்கும் நேரம். போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வாய்ப்பாடு சொல்வோம். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் அவள் எப்போதும் 13 × 7-இல் நிற்பாள், நெட்வொர்க் போய்விட்டது என்று நடிப்பாள். அவள் இங்கே வந்து சேர எனக்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆனது. உங்களுக்கு ஆறு மாதத்தில் முடிய வேண்டுமானால், கட்டணச் சலுகை பற்றிய அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடும் முன்பே வாங்கிவிடுங்கள்.